செலவும் சீட்டும்

‘செலவு’ என்னும் சொல் பண்டைத் தமிழில் செல்லுதலை, அஃதாவது பயணத்தை, உணர்த்திற்று. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தலைவியின் ஆற்றாமை நோக்கித் தன் பயணத்தைச் சின்னாள் தள்ளிவைத்தலை நம் முன்னோர் ‘செலவழுங்கல்’ என்றனர். இக்காலத்திலோ அச்சொல் கைப்பொருள் நீங்குதலையே பெரிதும் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கி நிற்றல் இற்றை நகரவாசிகட்கு வியப்பளிக்காது. ஊர்தி ஏறிச் செல்லும் செலவும், அதன்பொருட்டுக் கொடுக்கும் செலவும் அவர்தம் நாள்வாழ்க்கையில் பிரிப்பரியன. இவ்விரண்டையும் இணைத்து நிற்பது பயணச் சீட்டு. ஒரு பெருநகரத்தும் அதன் புறநகர்களிலும் ஓடும் பஸ், ரெயில், மெட்ரோ, படகு ஆகிய அனைத்திற்கும் ஒரே சீட்டு அமைத்தல் எவ்வாறு, அதற்கு மின்னணு அட்டை செய்யும் உதவி யாது, அட்டையால் செய்யவியலாதது யாது என்பவற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நோயை அறிவோம். மருந்தைப் பின்னர் ஆராய்வோம். நகரின் ஓரத்தே வாடகை குறைந்த பகுதியில் வாழும் ஒருவர், நகரின் மற்றோர் ஓரத்துள்ள தொழிற்சாலைக்கு நாள்தோறும் செல்லுகின்றார் எனக் கொள்வோம். வீட்டருகில் பஸ் ஏறி ரெயில் நிலையம் அடைந்து, ரெயிலில் சென்று, இறங்கிய பின் மற்றொரு பஸ் ஏறினாலன்றி அவர் பணியிடம் சேரார். ஊர்தி ஒவ்வொன்றிலும் முதற் சில கிலோமீட்டருக்கே கட்டணம் மிகுதி. தொலைவு ஏற ஏறக் கிலோமீட்டர் ஒன்றுக்கு விழும் கட்டணம் குறைந்துகொண்டே போகும். இது பெரும்பான்மையும் எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம். ஒரே ஊர்தியில் முழுத் தொலைவும் செல்பவர் அம்மிகுதியை ஒருமுறை கொடுக்க, நம் தொழிலாளி மும்முறை கொடுக்கின்றார். அவர் செல்வதோ ஒரு பயணம். கொடுப்பதோ மூன்று பயணத்தின் கட்டணம். வீட்டினின்று தொழிற்சாலைக்கு நேரே செல்லும் ஊர்தி இல்லாமை அவர்தம் குற்றமன்று. எனினும் தண்டம் செலுத்துவார் அவரே.

இம்முறையால் கேடுறுவது பயணி மட்டுமன்று, நகரமும் கேடுறும். மாறி ஏறினால் பணம் மிகும் என்றஞ்சும் மக்கள், நெடுந்தொலைவு நேரே செல்லும் பஸ்ஸையே நாடுவர். ஆகவே ரெயில் ஓடும் வழியிலேயே பஸ்களும் அதற்குப் போட்டியாக ஓடும். ரெயில் நிலையத்துக்கும் உட்புறத் தெருக்களுக்கும் இடையே ஓடவேண்டிய சிறு பஸ்களுக்கு வண்டியும் ஆளும் இல்லாமற் போம். பொருள் உடையார் இத்தொல்லை வேண்டா என்று தமக்கென வண்டி வாங்குவர், சாலை நெரியும், அந்நெரிசலில் பஸ்களும் சிக்கித் தாமதிக்கும். சீட்டு என்னும் சிறு தாள் ஒரு நகரத்தின் போக்கையே மாற்ற வல்லது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இந்நோய்க்கு மருந்து கண்ட முதல் நகரம் ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் என்பர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, பொது ஊர்திகளில் ஏறுவோர் தொகை அருகிற்று. அந்நகரில் சுரங்க ரெயிலை ஒரு கம்பெனியும், புறநகர் ரெயிலைக் கூட்டரசின் ரெயில்வேயும், பஸ்களைப் பல கம்பெனிகளும் நடத்தி வந்தன. ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. 1965ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இவை ஓர் உடன்பாடு செய்து, போக்குவரத்துக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. அடுத்த ஆண்டின் இறுதியில் பொதுக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. பயணி எவ்வூர்தியில் ஏறினும், எத்தனை முறை மாறினும், புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் உரிய ஒரு கட்டணமே கொடுத்தார். துறைமுகத்தில் ஓடும் படகுகளும் அச்சீட்டில் அடங்கின. இவ்வழியைப் பின்பற்றி ஒலிம்பிக் விளையாட்டு நிகழ்ந்த 1972இல் மியூனிக் நகரமும், 1990இல் சுவிட்ஸர்லாந்தின் ஜூரிக் மாகாணமும் கூட்டமைப்புகளைக் கண்டன. பாரிஸ் மாநகரத்தார் 1975இல் மெட்ரோ, பஸ், புறநகர் ரெயில் மூன்றிற்கும் ஒரே மாதச் சீட்டை ‘ஆரஞ்சு அட்டை’ என்னும் பெயரால் வழங்கினர்.

இவ்விடத்து ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஹாம்பர்க்கில் இம்மாறுதல் நிகழ்ந்தபோது மின்னணு அட்டை என்பதே இல்லை. அச்சடித்த தாளைக் கொண்டே அவர்கள் இதனைச் செய்து முடித்தனர். தடையாக இருந்தது கருவியின் குறைவன்று. பணத்தைப் பங்கிடும் முறையே. ஒரு பயணி கொடுத்த ஒரு கட்டணத்தில் முதற் பஸ்ஸுக்கு எவ்வளவு, ரெயிலுக்கு எவ்வளவு, இரண்டாம் பஸ்ஸுக்கு எவ்வளவு? தனித்தனியே வாங்கியபோது மூவர்க்கும் சேர்ந்து கிடைத்த தொகையினும் இப்போது கிடைப்பது குறைவு. அக்குறைவை யார் தாங்குவது? இவ்வினாக்களுக்கு விடை காணாது சீட்டை மட்டும் ஒன்றாக்க முயல்வது, பாகம் பிரிக்காத நிலத்தில் வேலி கட்டுவது போலாகும். ஆகலின் கூட்டமைப்புகள் பணம் முழுவதையும் ஒரு பொதுப் பேழையில் சேர்த்து, பயணிகளை ஆங்காங்கு எண்ணியும், ஊர்திகள் ஓடிய தொலைவைக் கணித்தும், முன்னர் உடன்பட்ட விகிதப்படி பகிர்ந்தளித்தன. எஞ்சிய குறைவை அரசியலார் ஏற்றனர்.

இனி அட்டையின் இயல்பைக் காண்போம். இவ்வட்டையினுள் நகத்தளவினும் சிறிய ஒரு சில்லும், அதனைச் சூழ மெல்லிய கம்பிச் சுருளும் பதிந்துள்ளன. மின்கலம் அதில் இல்லை. படிக்கும் கருவியின் அருகே சில அங்குல அளவில் அதனைக் கொணரின், கருவியினின்று எழும் காந்தப் புலம் அக்கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும். அவ்வோட்டத்தால் சில்லு விழித்தெழுந்து, தான் இன்னது என்பதை மறைமொழியால் கூறி, கருவியின் கட்டளையை ஏற்று, மீண்டும் உறங்கும். இவையனைத்தும் ஒரு நொடியினும் குறைந்த காலத்தில் நிகழ்வன. வாயிலில் மக்கள் நில்லாது செல்லவேண்டிய நிலையங்கட்கு இவ்விரைவே உயிர்நாடி.

பணத்தை எங்கு வைப்பது என்பதில் இருவகை உண்டு. ஒன்று, அட்டையே பணப்பையாதல். எஞ்சிய தொகை சில்லினுள்ளே எழுதப்பட்டிருக்கும். வாயிற் கருவி அதனைக் குறைத்து எழுதும். மற்றொன்று, அட்டை வெறும் அடையாளமாதல். கருவி ‘இன்னார் இவ்விடத்தில் ஏறினார்’ என்பதை மட்டும் தலைமைக் கணினிக்குத் தெரிவிக்க, கட்டணத்தை அக்கணினி பின்னர்க் கணக்கிடும். முன்னதைக் கைப்பணம் கொடுத்துப் பொருள் வாங்குதற்கும், பின்னதை மளிகைக் கடையில் பற்றெழுதி வாங்குதற்கும் ஒப்பிடலாம். பற்றெழுதும் முறையில் கட்டண விதிகளை எளிதில் மாற்றலாம். வங்கி அட்டையையே பயணச் சீட்டாகக் கொள்ளலாம். ஆனால் கையிருப்பு எவ்வளவு என்பது உடனுக்குடன் கண்ணுக்குத் தெரியாது.

பணப்பை அட்டைக்குப் பேர்போனது ஹாங்காங். ஆங்கு 1994இல் இரண்டு ரெயில் நிறுவனங்களும், இரண்டு பஸ் கம்பெனிகளும், ஒரு படகுக் கம்பெனியும் சேர்ந்து ஒரு பொது நிறுவனம் கண்டன. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ‘ஆக்டோபஸ்’ என்னும் அட்டை வெளிவந்தது. சீன மொழியில் அதன் பெயர் எண்டிசையும் சென்றெய்துதலைக் குறிப்பது. முதல் மூன்று திங்களில் முப்பது லட்சம் அட்டைகள் மக்கள் கையிற் சேர்ந்தன. பின்னர்க் கடைகளிலும் உணவகங்களிலும் அவ்வட்டையைக் கொண்டே பொருள் வாங்கும் வழக்கம் பரவிற்று. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்க. ஆங்கு ஒன்றானது பணப்பையே, கட்டணம் ஒன்றாகவில்லை. ஓர் ஊர்தியினின்று மற்றொன்றுக்கு மாறுவோர், சில வழிகளில் நிறுவனங்கள் உடன்பட்டு அளிக்கும் கழிவு நீங்கலாக, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமே கொடுப்பர். சில்லறை தேடும் இடர் ஒழிந்தது. மாறி ஏறுதலின் தண்டம் ஒழியவில்லை. எனவே, ஹாம்பர்க்கில் அட்டையின்றி உடன்பாடு நடந்தது. ஹாங்காங்கில் முழு உடன்பாடின்றி அட்டை நடந்தது. இவ்விரண்டும் வேறுவேறு என்பதை உணர்வார்க்கே இப்பொருளின் மெய்ம்மை விளங்கும்.

இரண்டும் ஒருங்கே அமைந்த ஊர் ஒன்று உண்டோ எனின், தென்கொரியாவின் சியோல் உண்டு. அந்நகரில் பஸ்கள் பல தனியார் கம்பெனிகளுக்கு உரியன. இலாபம் மிக்க வழிகளில் அவை நெருங்கி ஓடின. 2004ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நகராட்சி யாவற்றையும் ஒருசேர மாற்றிற்று. வழிகள் புதிதாய் வகுக்கப்பெற்றன. பஸ் வருவாய் முழுவதும் ஒரு பேழைக்குச் சென்றது. கம்பெனிகளோ தம் பஸ்கள் ஓடிய அளவுக்கேற்ப ஊதியம் பெற்றன. ஆகவே பயணியைப் பிடிக்கப் பந்தயம் ஓடுதற்குக் காரணம் இல்லாதொழிந்தது. கட்டணம், பஸ்ஸும் சுரங்க ரெயிலும் சேர்ந்த மொத்தத் தொலைவுக்கே விதிக்கப்பட்டது. முதற் பத்துக் கிலோமீட்டருக்கு 800 வொன். அதன்மேல் ஐந்து கிலோமீட்டருக்கு 100 வொன் வீதம். நான்கு நான்கு கிலோமீட்டராக மூன்று ஊர்தி மாறியவர் மொத்தம் 12 கிலோமீட்டருக்கு 900 வொன் கொடுத்தார். ஊர்திக்கு 800 வீதம் தனித்தனியே கொடுத்திருப்பின் 2,400 ஆகியிருக்கும்.

இத்தகைய கணக்கைத் தாளால் செய்தல் அரிது. பயணி ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் கருவியிற் காட்டுகின்றார். பகற்பொழுதில் அரைமணிக்குள் அடுத்த ஊர்தி ஏறினால் அதனையும் அதே பயணத்தின் தொடர்ச்சியாகக் கருவி கொள்ளும். அட்டையின் மெய்யான பயன் இதுவே: உடன்பாட்டை நுணுக்கமாக நிறைவேற்றும் பணியாள் அது, உடன்பாட்டைத் தோற்றுவிக்கும் தலைவன் அன்று. சியோலிலும் தொடக்கம் எளிதாயில்லை. முதல் நாளே கருவிகள் பழுதுற, மக்கள் சினந்தனர். மேயர் லீ மியுங்-பாக் பொதுமக்களிடம் மன்னிப்பு வேண்ட நேர்ந்தது. எனினும் முறை நிலைபெற்றது. 2007இல் சூழ்ந்துள்ள கியொங்கி மாகாணத்துப் பஸ்களும் அதனுள் வந்தன.

அட்டையால் விளையும் மற்றொரு நன்மை இலண்டனில் தெளிவாயிற்று. மாதச் சீட்டு வாங்குவோர்க்கு நாட்செலவு குறையும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் மாதத் தொடக்கத்தில் மொத்தப் பணம் கையிலுள்ளவர்க்கே அந்நலம் கிட்டும். நாட்கூலி பெறுவோர் நாள்தோறும் சில்லறைச் சீட்டு வாங்கி, முடிவில் செல்வரினும் மிகுதியாய்க் கொடுத்துவிடுவர். இலண்டனில் 2003இல் வந்த ‘ஆய்ஸ்டர்’ அட்டையில், 2005 முதல் நாட்கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டது. ஒரே நாளில் எத்தனை முறை ஏறினும், வரம்பு எட்டியபின் கருவி பணம் எடாது. 2014 முதல் வங்கி அட்டைகளுக்கு வார வரம்பும் அமைந்தது. 2016இல், ஒரு பஸ் ஏறிய ஒரு மணிக்குள் மற்றொரு பஸ் ஏறின் கட்டணமில்லை என்னும் விதியும் வந்தது. 2018இல் அது எத்தனை பஸ்ஸுக்கும் என விரிந்தது. முன்பணம் இல்லாதார்க்கும் முன்பணம் உள்ளாரின் சலுகை கிடைத்தல் சிறு நன்மையன்று.

நிற்க. நன்மைகளை மட்டும் கூறி அமைதல் நடுவுநிலைமை ஆகாது. மூன்று தீங்குகளை இம்முறை வகுப்போர் முன்னரே காத்தல் வேண்டும்.

முதலாவது, மறைவடக்கம். பெயரைப் பதிந்து அட்டை பெற்றவரின் விவரங்கள் நிறுவனத்துக்குத் தெரியும். அவர் எங்கெங்குச் சென்றார் என்பதும் தெரியும். ஆக்டோபஸ் நிறுவனம் ஏறத்தாழ இருபது லட்சம் வாடிக்கையாளரைப் பற்றிய செய்திகளை வணிக நிறுவனங்கட்குக் கொடுத்து 44 மில்லியன் ஹாங்காங் டாலர் ஈட்டிற்று என்பது 2010இல் வெளிப்பட்டுப் பெருங்கிளர்ச்சி விளைந்தது. பஸ் ஏறுதற்காகக் கொடுத்த விவரம் பஸ் ஏறுதற்கே பயன்படல் வேண்டும்.

இரண்டாவது, பூட்டின் வலிமை. ஆய்ஸ்டர் முதலிய பல அட்டைகளில் முதலில் பயன்பட்ட சில்லின் மறைமொழியை 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உடைத்துக் காட்டினர். இலண்டன் பின்னர் வலிமை மிக்க சில்லுக்கு மாறிற்று. செய்முறையை மறைத்து வைப்பதொன்றே காவலாகாது என்னும் பாடத்தை அவ்வாராய்ச்சி உலகுக்குக் கற்பித்தது.

மூன்றாவது, மக்களின் நம்பிக்கை. சிங்கப்பூரில் 2002 முதல் பணப்பை அட்டை வழங்கி வந்தது. பற்றெழுதும் முறைக்கு யாவரையும் மாற்ற எண்ணிய போக்குவரத்து ஆணையம், பழைய வகை அட்டைகள் 2024 ஜூன் முதல் பயணத்துக்குச் செல்லா என்று அவ்வாண்டு ஜனவரியில் அறிவித்தது. புதிய முறையில் வாயிலைக் கடக்கும்போது கழிந்த தொகையும் எஞ்சிய தொகையும் கருவியில் தோன்றா. கைப்பேசியில் தேடிக் காணல் வேண்டும். முதியோரும் பிறரும் இதனை ஏற்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் அரசியலார் அறிவிப்பைத் திரும்பப் பெற்று, பழைய முறையையும் தொடர்ந்து நடத்த 40 மில்லியன் சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினர். எண்ணி எண்ணிச் செலவிடுவோர்க்குக் கையிருப்பைக் கண்ணாற் காண்பது ஆறுதலும் காவலும் ஆகும். பொறிவல்லார் இதனைப் புறக்கணித்தல் தகாது.

இனி நம் சென்னையை நோக்குவோம். நம் மாணவருள்ளும் பஸ்ஸும் புறநகர் ரெயிலும் மாறி ஏறி வருவோர் பலர். இங்குப் பஸ்கள் மாநில அரசின் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கும், புறநகர் ரெயில் மத்திய அரசின் தென்னக ரெயில்வேக்கும், மெட்ரோ இரண்டு அரசுகளும் கூடிய நிறுவனத்துக்கும் உரியன. இவற்றை ஒருங்கிணைக்க ஒரு குழுமம் வேண்டும் என்னும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்று, 2019இல் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் செல்லத்தக்க பொதுப் பயண அட்டை 2019 மார்ச்சில் தொடங்கப்பெற்றது. அவ்வகையைச் சேர்ந்த ‘சிங்காரச் சென்னை’ அட்டையை 2023இல் மெட்ரோவும், 2025 ஜனவரியில் பஸ்களும் ஏற்கத் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ என்னும் செயலி வெளிவந்து, மூவகை ஊர்திக்கும் கைப்பேசியில் ஒரே சீட்டுப் பெற வழி செய்தது.

இவை பாராட்டற்குரிய தொடக்கங்கள். ஆயினும் மேலே கண்ட அளவுகோலைக் கொண்டு இவற்றை அளத்தல் நம் கடன். மூன்று கட்டணத்தை ஒரே சீட்டில் எழுதுதல் ஒன்று. மூன்று ஊர்திச் செலவையும் ஒரே பயணமாகக் கொண்டு ஒரு கட்டணம் விதித்தல் மற்றொன்று. முன்னது ஹாங்காங் வழி. பின்னது சியோல் வழி. பின்னதற்குச் செல்ல, மத்திய அரசின் ரெயில்வேயும் மாநில அரசின் கழகமும் ஒரு பேழையில் பணம் சேர்த்துப் பகிர இசைதல் வேண்டும். குறையும் வருவாயை ஈடுசெய்வோர் யார் என்பதும் எழுத்தில் உறுதியாதல் வேண்டும்.

நம் நாட்டுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021 மே மாதம் தமிழகத்தில் தொடங்கிற்று. அச்சலுகை பெறும் ஒரு பெண்மணி பஸ்ஸினின்று இறங்கி மெட்ரோ ஏறுகின்றார் எனக் கொள்வோம். மொத்தத் தொலைவுக்குக் கட்டணம் விதிக்கும் முறையில், பஸ்ஸில் சென்ற தொலைவையும் கூட்டுவதா, விடுப்பதா? கூட்டின், ஒரு கையால் கொடுத்த சலுகையை மறு கையால் பறித்ததாகும். ஆதலின் அத்தொலைவைக் கணக்கினின்று நீக்கும் விதி, திட்டம் வகுக்கும்போதே இடம்பெறல் வேண்டும். அவ்வாறே வங்கிக் கணக்கும் கைப்பேசியும் இல்லாதவர் பொருட்டு, காசு கொடுத்துப் பெறும் தாட்சீட்டும் அவர்கட்கு நட்டமின்றி நிலவுதல் வேண்டும். அட்டை இல்லாதாரைக் கூடுதல் கட்டணத்தால் ஒறுக்கும் முறை, எவர்க்கு உதவத் தோன்றியதோ அவரையே வருத்தும்.

முடிவாக ஒன்று. புதிய அட்டையும் புதிய வாயிலும் கண்ணுக்கு இனியன. திறப்பு விழாவுக்கு ஏற்றன. பணம் பகிரும் உடன்பாடோ எவர் கண்ணுக்கும் தோன்றாது. அதற்கு விழாவும் இல்லை. ஆயினும் தொழிலாளியின் கையில் மாத இறுதியில் சில நூறு ரூபாய் மிஞ்சுவதும் மிஞ்சாததும் அதனைப் பொறுத்தனவே. ஆகலின் எந்நகரத்திலேனும் ஒருங்கிணைந்த சீட்டு வந்தது என்னும் செய்தி கேட்கும்போது, அட்டையின் நிறத்தையும் பெயரையும் வினவற்க. மூன்று ஊர்தி மாறி வேலைக்குச் செல்பவர் நேற்றுக் கொடுத்தது எவ்வளவு, இன்று கொடுப்பது எவ்வளவு என்று வினவுக. அவ்விரு தொகையும் ஒன்றேயாயின், வந்தது புதிய அட்டை மட்டுமே.